புளியங்கொட்டைக்கு ஒரு நீதிபதி

“யோவ், நீ தோத்தா ஒரு சட்டம், நான் ஜெயிச்சா ஒரு சட்டமா?” என்று தனக்கொடி சீறியது, முத்தியால்பேட்டையில் நிர்மலா வீட்டுச் சீட்டு மேசையில். திட்டு வாங்கியவர் புருஷோத்தமன். அவரைத் தனி ஆளாக நினைக்காதீர்கள். அது ஒரு இனம். சீட்டு மேசை நீதிபதி. நாலு பேர் பொழுதுபோக்க உட்கார்ந்த இடத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆட்டம், பிரான்சிலிருந்து திரும்பிய நிர்மலா சொல்லிக்கொடுத்த போக்கர். பந்தயம் புளியங்கொட்டை. அதற்கே புருஷோத்தமன் ரெட்டியார்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, “ஆட்டம் பெருசில்ல, மரியாததான் பெருசு” என்று ஆரம்பித்து, சீட்டை மேசைக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது, நல்ல சீட்டு வந்தால் சிரிக்கக் கூடாது, கெட்ட சீட்டு வந்தால் உச்சுக்கொட்டக் கூடாது, ஒரு நிமிடத்துக்கு மேல் யோசிக்கக் கூடாது என்று வாசித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அவருக்கும் இதெல்லாம் உண்டா? அவர் உச்சுக்கொட்டினால் பல்லிடுக்கில் முறுக்கு. பத்து நிமிடம் யோசித்தால் ஆட்ட நுணுக்கம்.

தனக்கொடிக்கு எழுத்துத் தெரியாது. நோட்டில் இருப்பது அவர் வாசித்தால்தான் உண்டு. அன்றைக்குப் புதிதாக ஒன்று வாசித்தார்: ஒரே நாளில் மூன்று தப்பு செய்தவர் மூன்று மாதம் மேசைக்கு வரக் கூடாது. ராணி வந்ததற்குச் சிரித்தது அவளுடைய முதல் தப்பு, யோசித்தது இரண்டாவது. அந்த இரண்டாவதற்குத்தான் மேலே கேட்ட சீறல். புருஷன் போனபிறகு அவள் தலைவாரிக்கொண்டு கிளம்புகிற இடம் இது ஒன்றுதான். மீதி ஆட்டம் முழுக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டு தப்பித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, திருகிவிட்டால் மணியடிக்கும் சமையல்கட்டுக் கடிகாரம் ஒன்றை மேசை நடுவில் வைத்தாள்.

“இது என்னாம்மா?”

“உன் சட்டந்தான் சாரு. எனக்கு எழுத்து தெரியாது. காது கேக்கும்.”

புருஷோத்தமனின் முறை வந்தது. தனக்கொடி ஒரு நிமிடத்துக்குத் திருகி வைத்தாள். அவர் சீட்டைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். கணகணவென்று அடித்தது.

“நேரம் ஆயிடுச்சி. சீட்ட கவுத்துடு.”

“யோசிக்கிறது வேற, லேட் பண்றது வேற! பாய், நீங்களே சொல்லுங்க.”

நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்த அப்துல் முத்தலிப் நிமிரவே இல்லை. “அளவு எடுத்தது நீங்கதான சார்? இப்ப சட்ட புடிக்குதுன்னா எப்பிடி?”

மாலைக்குள் அவருக்கு மூன்று முறை அடித்துவிட்டது.

“மூணு மாசம் உங்களப் பாக்க முடியாதா?” என்றாள் நிர்மலா, ரொம்பப் பாவமாக.

அவர் நோட்டைத் திறந்தார். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து மடித்துப் பையில் போட்டார். “அது சும்மா, வெள்ளோட்டத்துக்கு எழுதனது.”

தனக்கொடியின் நாற்காலி பிழைத்தது. இப்போதும் கடிகாரத்தைத் திருகுவது அவள்தான். தன் முறைக்கு மட்டும் திருகுவதில்லை.

“அக்கா, உங்களுக்கு வைக்கலியே?”

“எனக்கு எதுக்கு பாய்? நான் என்னா அவர மாதிரி திருட்டு யோசனையா யோசிக்கிறேன்?”

சிரிக்கிறீர்களா? போன தடவை கேரம் ஆடியபோது உங்கள் முழங்கை பட்டு நகர்ந்த காய் என்ன ஆயிற்று? அந்தக் கடிகாரம் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் கிடைக்கும். கடைக்காரர் இருநூறு சொல்வார். தனக்கொடி நியாயம் பேசியே வாங்கினாள்: நூற்றிருபது ரூபாய்.