காப்லின் சிங்காரத்தின் ராஜினாமா

திருமுல்லைவாயில்,
புதன்கிழமை.

அனுப்புநர்: மு. குணசேகரன், ஓய்வு பெற்ற ஃபிட்டர், தொழிற்சங்க முன்னாள் கிளைச் செயலாளர்.
பெறுநர்: பா. விக்ரம், பூந்தமல்லி.
பொருள்: குகை வாசலில் நடந்த சம்பவம் – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.
பார்வை: கடந்த ஞாயிறு மாலை செருப்பை மாட்டிக்கொண்டே தாங்கள் சொன்ன, "இனிமே இந்த ஊட்டுப் பக்கமே வரமாட்டேன்."

பெருமதிப்பிற்குரிய மருமகப்பிள்ளை அவர்களுக்கு,

மாமன் குணசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை கஸ்தூரியும் நலம். அஸ்வினும் நலம்தான், ஆனால் பெற்ற அப்பனோடு பேசுவதில்லை. அங்கு தங்கள் தந்தையார் பாஸ்கரனின் முழங்கால் எப்படி இருக்கிறது? 'தாங்கள்' என்றே எழுதிக்கொண்டு போனால் அடுத்த ஞாயிறு வந்துவிடும், இனி 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய நான்கு செய்திகளுக்கும் நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. சரி, நமக்குப் பழக்கமான வழியிலேயே போவோம் என்று பேனாவை எடுத்துவிட்டேன். சர்வீஸில் இருந்தபோது சார்ஜ் மெமோ வாங்கிய தோழர்களுக்கு நான் எழுதிக் கொடுத்த விளக்கக் கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. எனக்காக எழுதிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

கிஷோர் ஓசூரில் வேலை கிடைத்துப் போனதும் உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஓர் ஆள் குறைந்தது. "சும்மாதானே இருக்கீங்க, வந்து உக்காருங்கப்பா" என்று என்னை இழுத்தது அஸ்வின்தான், நானாக வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அவன் கதையை நடத்துவான், மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு பேசிப் பேசியே விளையாட வேண்டும், நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். இது விளங்கவே எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அதிலும் உங்களில் ஒருத்தருக்குக்கூட மனுஷனாக இருக்க இஷ்டமில்லை. நீ எல்ஃப்: கூர்மையான காது, கையில் வில், வயது முந்நூறு. அஸ்வினின் ஆபீஸ் தோழி கவிப்பிரியா பல்லி இனம், வால் உண்டு. எனக்குக் கிடைத்தது கிஷோர் விட்டுப்போன காப்லின்: இடுப்பு உயரம், பச்சைத் தோல், முறம் மாதிரி காது. உன் அத்தை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "காது அப்படியே பொருந்துது, பச்சை மட்டும் பூசிக்கணும்" என்றாள். அவன் பெயர் என் வாயில் நுழையாததால் சிங்காரம் என்று மாற்றிக்கொண்டேன், அதற்கு நீங்கள் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், மாப்பிள்ளை. ஓய்வு பெற்ற இந்த இரண்டு வருஷமாகக் கல்யாண வீடுகளில் பார்க்கிறவர்கள் எல்லாம், "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்கிறார்கள். "சும்மாதான் இருக்கேன்" என்றதும் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இந்த மேசையில் மட்டும்தான் அஸ்வின் என் முகத்தைப் பார்த்து, "சிங்காரம், கதவு தொறக்குது. இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பான். நீங்கள் எல்லோரும் காத்திருப்பீர்கள். அந்த ஒரு கேள்விக்காக நான் சனிக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிடுவேன். இதை வெளியே சொல்லாதே.

இனி சம்பவத்துக்கு வருகிறேன். டிராகனின் புதையல் குகையை நாற்பது காப்லின்கள் காவல் காக்கின்றன. சிங்காரம் அவர்கள் இனம் என்பதால் உள்ளே போய்ப் பேச்சுக் கொடுத்துக் கதவைத் திறந்துவிட வேண்டும், நீ பாறைமேல் இருந்து அம்பு விட வேண்டும். மூன்று வாரமாக நோட்டில் படம் போட்டு நீ வகுத்த திட்டம் அது, மறுக்கவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கத்தான் போனேன். போன இடத்தில் பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

"எத்தனை ஷிஃப்டுப்பா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

நாற்பது காப்லின்களுக்கும் அஸ்வின்தான் வாய். அவன் திருதிருவென்று விழித்தான். "ஷிஃப்டெல்லாம் இல்லப்பா. எப்பவும் காவல்தான்."

"வார லீவு?"

"இல்ல."

"சாப்பாடு?"

"டிராகன் தின்னுட்டு மீதி வெச்சத சாப்பிடுவாங்க."

மீதியா! கேன்டீன் சாம்பார் நீர்த்துப்போனதற்கே கேட் மீட்டிங் போட்டவன் நான். நாற்காலிமேல் ஏறியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது, நடுவில் இரண்டு மின்ரயில் போன சத்தம் கேட்டது. அஸ்வின் தலையில் கை வைத்துக்கொண்டு பகடையை உருட்டச் சொன்னான். இருப்பதிலேயே பெரிய எண், இருபது விழுந்தது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நாற்பது பேரும் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கவிப்பிரியா எழுந்து நின்று கோஷம் போட்டாள், நல்ல தொண்டை அந்தப் பெண்ணுக்கு. பக்கத்து வீட்டு சொர்ணம் அம்மா எட்டிப் பார்த்து, "யாருக்குங்க அநியாயம்?" என்று கேட்க, உன் அத்தை, "பச்சையா நாப்பது பேருக்கு" என்று சொல்லிவிட்டு வடையைத் திருப்பப் போனாள்.

"இன்னா மாமா, காவல்காரனுங்க வெளிய வந்துட்டானுங்க, கதவு தொறந்து கீது, நான் உள்ள பூந்துர்றேன்" என்றாய் நீ. நியாயமான யோசனைதான். ஆனால் மறியல் நடக்கிற வாசலைத் தாண்டி உன் எல்ஃப் ஒரு காலை எடுத்து வைத்ததும், ஸ்டிரைக்கின்போது கேட்டுக்குள் போகிறவனுக்கு நாங்கள் வைத்திருக்கும் அந்த வார்த்தை என் வாயில் வந்துவிட்டது.

"டேய் கருங்காலி!"

உன் முகம் சுண்டிப்போனதைப் பார்த்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. மற்றவர்களுக்கு அது ஒரு வசவு, நம் இரண்டு குடும்பத்துக்கும் அப்படி இல்லையே. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஃபேக்டரி ஸ்டிரைக்கில் நான் கொடி பிடித்து கேட்டில் நிற்க, உள்ளே போன பதினோரு பேரில் உன் அப்பாவும் ஒருவன். மச்சினன் என்றும் பார்க்காமல் மைக்கில் அதே வார்த்தையைச் சொன்னேன். இரண்டு வருஷம் உன் அத்தை தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. உன் அம்மா ரேணுகா அப்போது நிறைமாதமாக ஃபேக்டரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள் என்பதும், வெளியே நின்றால் அந்த வைத்தியம் நின்றுவிடுமோ என்று பயந்துதான் அவன் உள்ளே போனான் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்த வயிற்றில் இருந்தது நீதான். தெரிந்த பிறகாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கல்யாணம் காட்சி என்று பழையபடி கூடிக்கொண்டோம், சாப்பிட்டோம், சிரித்தோம், அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டேன். அது பெரிய தப்பு, விக்ரம். அவனைச் சொன்ன வாயாலேயே உன்னையும் சொல்லிவிட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது.

நீ போனதும் அஸ்வின், "விக்ரம் வராம ஆட்டம் கெடையாது" என்று பகடை டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டான். ஆகவே, நான் சொன்ன வார்த்தையை நிபந்தனையின்றித் திரும்பப் பெறுகிறேன். வேலைநிறுத்தம் இந்தக் கடிதம் கண்ட நிமிஷம் முதல் வாபஸ். காப்லின்கள் பழையபடி காவலுக்குப் போவார்கள், உன் திட்டப்படியே வரிசையாக அம்பு வாங்கிச் சாவார்கள், நான் வாயே திறக்கமாட்டேன். சிங்காரமும் சங்கப் பொறுப்பிலிருந்தும் ஆட்டத்திலிருந்தும் ராஜினாமா செய்கிறான். அந்த இடத்துக்கு நல்ல பிள்ளையாக வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள். நான் உங்களுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறேன். நீ மட்டும் வந்துவிடு.

நீ நூறாண்டு நோய்நொடி இல்லாமல் வாழ வேண்டும். உன் எல்ஃப் அதைப்போல மூன்று மடங்கு ஏற்கெனவே வாழ்ந்துவிட்டான், இருந்தாலும் அவனுக்கும் என் ஆசீர்வாதம். உன் அம்மாவையும், முக்கியமாக உன் அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமன்,
மு. குணசேகரன்
(முன்னாள் காப்லின்)

பி.கு.: இதை வடை டப்பாவோடு அத்தையிடம் கொடுத்தனுப்ப மடித்துக்கொண்டிருந்தபோது உன் அப்பாவே போன் பண்ணினான். நீ நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டாயாம். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இப்போது சொன்னதற்கும் அப்போது சொன்னதற்கும் சேர்த்து. "அத்த உடுங்க மச்சான்" என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "குகையில அது இன்னா ஸ்டிரைக்கு? பதினாலு நாள் நோட்டீஸ் குடுத்தீங்களா? சட்டப்படி செல்லாது. பாவம், அந்த டிராகனுக்குப் பேச ஒரு ஆளு இல்லியாமே? ஞாயித்துக்கெழம நிர்வாகத்தரப்புல நானே வந்து குந்திக்கிறேன்" என்றான். என்ன திமிர் பார்த்தாயா! ஆகவே மேலே எழுதிய வாபஸ், ராஜினாமா எல்லாம் ரத்து, மன்னிப்பு மட்டும் நிற்கும். போராட்டம் தொடரும், நாற்பது பேரும் வாசலை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள். அஸ்வின் பகடை டப்பாவைப் பரணிலிருந்து இறக்கிவிட்டான். மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடு மாப்பிள்ளை, உன் அப்பாவையும் என்னையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச்சுவார்த்தை நடத்த முந்நூறு வயசுக்குக் குறைந்த ஆளால் முடியாது.