இடது பக்கச் செயின்

ஆதாரம் இல்லாமல் முட்டாள்தனம் செய்கிறவனை யாராவது தடுத்து நிறுத்திவிடலாம். ஆதாரத்தோடு செய்கிறவனைத் தடுக்க ஆளே கிடையாது. என்னிடம் ஆதாரம் இருந்தது. கண்ணாடி போட்டு, வீட்டு ஹாலில், கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருந்தது.

அது ஒரு போட்டோ. பதினோரு வயதில் நான் பி.எம்.எக்ஸ் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் அப்பா சீட்டைப் பிடித்தபடி நிற்கிறார். சிவப்பு பாடி, மஞ்சள் பிளாஸ்டிக் சக்கரங்கள், ஹேண்டிலுக்கு முன்னால் 8 என்று எழுதிய ஒரு தகடு. தொண்ணூறாம் வருஷம் ஷார்ஜாவிலிருந்து மாமா கொண்டுவந்தது. அப்பா தம்பானூரில், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு லாட்ஜில் மேனேஜர். ரயிலைவிட்டு இறங்கி வருகிற ஜனம் பெட்டியைக் கீழே வைத்து, என் சைக்கிளை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் ரூம் கேட்கும். (அப்படித்தான் எனக்கு ஞாபகம். என் ஞாபகத்தின் லட்சணம் போகப் போகத் தெரியும்.)

நான் வளர்ந்தேன், சைக்கிள் வளரவில்லை. முட்டி ஹேண்டிலில் இடிக்க ஆரம்பித்ததும் அதை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டேன். அப்பா எடுத்து, லாட்ஜில் சமையல் பார்த்த வித்துராக்காரர் சுகுமாரண்ணனின் மகளுக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாராம். நான் தலையாட்டினேனாம். எனக்கு ஞாபகமே இல்லை! அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம், வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் நான் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பேன்: "என் பி.எம்.எக்ஸையே தூக்கிக் கொடுத்தவர்தானே நீங்க."

2006-இல் எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். ஒரு நாள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தபோது, வெளிநாட்டில் நரைத்த தலைக்காரர்கள் பழைய பி.எம்.எக்ஸைத் தேடிப் பிடித்து, பெயிண்ட் அடித்து, பூஜை அறையில் வைக்காத குறையாக வைத்திருக்கும் படங்களைப் பார்த்தேன். என்னுடையதையும் தேடிப் பிடித்துவிட வேண்டியதுதான். அடுத்த மாதம் அப்பா ரிட்டையர் ஆகிறார். லாட்ஜில் விடை கொடுக்கும் அன்றைக்கு, எல்லோர் முன்னாலும் அதே சைக்கிளில் போய் இறங்கி, எதைத் தூக்கிக் கொடுத்தீர்கள் என்று அவருக்குக் காட்ட வேண்டும். அவர் வாயாலேயே என்னைப் பார்த்து "தப்புதான் மக்களே" என்று சொல்ல வேண்டும். இதுதான் என் லட்சியம். (இருபத்தேழு வயதில் ஒருவனுக்கு இருக்கவேண்டிய லட்சியமா இது?)

வித்துராவுக்குப் பஸ் ஏறினேன். சுகுமாரண்ணன் வேலையை விட்டு, நாலு ரப்பர் மரத்தோடு வீட்டில் இருந்தார். ரப்பர் ஷீட் காயப்போடும் ஷெட்டுக்குக் கூட்டிப்போய் மேலே கை காட்டினார். உத்தரத்தில் கயிறு கட்டி, லாட்ஜின் பழைய பெட்ஷீட்டால் சுற்றி, ஏதோ தொங்கியது. இறக்கித் துணியை விலக்கினார். சிவப்பு மங்கியிருந்தது, மஞ்சள் வெளுத்திருந்தது, 8 மட்டும் அப்படியே இருந்தது. ஐயோ, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்! செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டேன்.

"எடுத்துக்கோ மோனே. உன்ற சைக்கிள் அல்லே. மோள் கல்யாணம் கழிஞ்சு போயாச்சு" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, அப்பா பார்த்துவிடுவாரே. சாலைக் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த மரியதாஸிடம் விட்டேன். போட்டோவைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. சைக்கிளில் செயின் வலது பக்கம் இருக்கிறது. போட்டோவில் இடது பக்கம்!

பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். உலகத்தில் உள்ள அத்தனை பி.எம்.எக்ஸுக்கும் வலது பக்கம். எனக்கு மட்டும் இடது பக்கம்! மாமா கொண்டுவந்தது சாதாரண வண்டி இல்லை, பூமியில் ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டிய வண்டி.

"ஏங்க, எல்லா சைக்கிளுக்கும் வலது பக்கம்தானே இருக்கும்?" என்றாள் என் மனைவி விஜி.

"அதனாலதான் விஜி இது அபூர்வம்!"

"உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"அப்பாகிட்டயா? அவருக்குக் கொடுக்கத்தான் தெரியும்."

சுகுமாரண்ணனுக்கு போன் போட்டேன். "அண்ணே, செயினை இந்தப் பக்கம் மாத்தினது யாரு?"

"ஒரு நட்டுகூட நான் தொட்டில்ல மோனே. காற்று மாத்ரம்தான் அடிச்சது."

"போட்டோ இருக்குண்ணே. போட்டோ பொய் சொல்லுமா?"

அவர் மெதுவாகச் சொன்னார்: "ஓ. அப்போ நான்தான் மாற்றியிருக்கும் மோனே."

நான் பெரிய மனது பண்ணி, "சரி, பரவாயில்லை" என்றேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கூசுகிறது.

செயினை இடது பக்கம் மாற்றச் சொன்னதும் மரியதாஸ் கைகூப்பாத குறை. "சார், பின்சக்கரத்து ஃப்ரீவீலை அந்தப் பக்கம் போட்டா முன்னால மிதிச்சா சும்மா சுத்தும் பாத்துக்கிடுங்க. வெல்டிங் வைக்கணும். வெல்டிங் வெச்சா, சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும், மிதிக்கறத நிறுத்த ஒக்காது. பெடல் மரையும் எதிர்ப்பக்கமாக்கும். கழண்டு வரும்."

"ஒரிஜினல் அப்படித்தான் மரியதாஸ்."

"ஒரிஜினலை ஓட்டினவன் உயிரோட இருக்கானா சார்?"

"நான்தான்" என்றேன் பெருமையாக.

செய்து கொடுத்தார். சக்கரத்துக்கும் புது மஞ்சள் பெயிண்ட். அந்த அழகைப் பார்த்து மரியதாஸே தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார்.

விடை கொடுக்கும் நாள். லாட்ஜ் இருக்கும் சந்து நல்ல இறக்கம். கீழே, வாசலில் நாற்காலி போட்டு அப்பாவுக்கு மாலை போடுகிறார்கள். அம்மா இருக்கிறாள். பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, போட சுகுமாரண்ணனை வித்துராவிலிருந்து வரவழைத்திருந்தார்கள். விஜி, நான் சொன்னபடியே, போட்டோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் மேலே, சந்து முனையில்.

முதல் பத்தடி சொர்க்கம். ஆட்டோக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எனக்குத் திரும்பவும் பதினோரு வயது. பிறகு இறக்கம் ஆரம்பித்தது. பெடல் வேகம் பிடித்தது. என் கால்கள் என்னைக் கேட்காமலே சுற்றின. பிரேக்கைப் பிடித்தேன். பிரேக் கட்டை சக்கரத்தின் புதுப் பெயிண்டில் வழுக்கியது. ஒரு பெடல் கழன்று பறந்தது, மற்றது என் கெண்டைக்காலை விடாமல் அடித்தது. "தள்ளுங்க! தள்ளுங்க!" என்று கத்திக்கொண்டே மாலையும் கழுத்துமாக நின்ற அப்பாவைத் தாண்டிப் போனேன். சலவைக்குப் போகவேண்டிய, நாற்பது ரூமின் ஒரு வாரத்து பெட்ஷீட் ஓரமாகக் குவிந்திருந்தது. அதற்குள் தலைகுப்புற நுழைந்தேன். (உயிர் பிழைத்தேன். வாசனையைப் பற்றிக் கேட்காதீர்கள்.)

என்னைத் தூக்கி உட்கார வைத்தது மாவுக் கையோடு ஓடி வந்த சுகுமாரண்ணன். அப்பா சைக்கிளைச் சுற்றி வந்தார். செயினைப் பார்த்தார். விஜி கையிலிருந்து போட்டோவை வாங்கினார்.

"எலே, இதுல நான் வாட்ச் எந்தக் கையில கெட்டியிருக்கேன்?"

"வலது கையில."

"நான் என்னைக்குல வலது கையில கெட்டினேன்? சட்டைப் பை எந்தப் பக்கம்?"

அதுவும் வலது பக்கம். பதினாறு வருஷம் தினமும் பார்த்த போட்டோ!

"ஸ்டுடியோக்காரன் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அடிச்சிட்டான்ல. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"பின்ன ஏன்ப்பா மாத்தி வாங்கல?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "உங்கம்மைக்கு அதுல என்னைப் பாக்க நல்லாருக்காம்."

"அந்தப் பக்கம் வகிடு எடுத்தா ஒரு களை" என்று சொல்லிவிட்டு அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சந்தே சிரித்தது.

சுகுமாரண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. போட்டோவைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், குனிந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அப்போ மோனே, நான் ஒண்ணும் மாற்றியில்ல, அல்லே?"

விழுந்தது எனக்கு வலிக்கவில்லை, இது வலித்தது. பன்னிரண்டு வருஷம் ஒரு நட்டைத் தொடாமல், மகள் ஓட்டி முடித்த பிறகும் தூசி படாமல் உத்தரத்தில் கட்டிக் காத்த மனிதர். நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக, செய்யாத தப்பைச் செய்ததாக ஒப்புக்கொண்டவர். ஒரு சைக்கிளைப் பார்த்து செருப்பைக் கழற்றிய எனக்கு, இவரைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுக்குத் துணிக்கு நடுவிலிருந்து அவர் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புதாண்ணே" என்றேன். அப்பா வாயிலிருந்து வரவேண்டிய வார்த்தை.

மரியதாஸ் செயினை வலது பக்கம் திருப்பிக் கொடுத்தார். சைக்கிள் வித்துராவுக்கே போய்விட்டது. பின்னாளில் அண்ணனின் பேத்தி ஓட்டினாள். போட்டோ அப்படியே ஹாலில் இருக்கிறது, அம்மா மாற்ற விடமாட்டாள். வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால் விஜி, "செயின் எந்தப் பக்கம்?" என்பாள்.

ஓணத்துக்கு ஓணம் சுகுமாரண்ணன் ஒரு நேந்திரம் வாழைக்குலையோடு வருவார். வாசலிலேயே நின்றுகொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பார்: "மோனே, நான் ஒண்ணும் மாற்றியில்ல, அல்லே?"

பதில் வரும்வரை குலையைக் கீழே வைக்கமாட்டார். வீடே வாசலுக்கு வந்து காத்திருக்கும். நான் எழுந்து நின்று சொல்வேன்.

"இல்லண்ணே. நீங்க ஒண்ணும் மாத்தல."