டிரஸர் நல்லையாவின் துருத்தி

ஓட்டமாக வந்து கிளினிக் படியேறிய பொன்னுதுரை நெஞ்சில் கைவைத்து, "மூச்சு..." என்றார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. பெஞ்சில் சரிந்தார்.

கிளினிக்கில் அப்போது இருந்தது காயங்களுக்கு மருந்து கட்டும் டிரஸர் நல்லையாவும் ஆயா அஞ்சலையும்தான். டாக்டர் மாணிக்கவாசகம் மெர்டேக்கா சுதந்திர விழாக் கூட்டத்துக்காகப் பண்டார் ஹிலிர் போயிருந்தார். போன மாதம்தான் அவர் நல்லையாவை, "இன்னொரு தப்பு நடந்தா நீ வீட்டுக்குப் போயிடலாம்" என்று எச்சரித்திருந்தார்.

இருந்தாலும் காஜா பேராங் வட்டாரத்தின் மருத்துவ மேதை தாம்தான் என்பதில் நல்லையாவுக்கு என்றுமே சந்தேகம் இருந்ததில்லை.

"அஞ்சலை, துருத்திய எடு."

சீமையில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக இயந்திரமே வேலை செய்கிறதாம். காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி இதயத்தைப் பார்க்கிறார்களாம். டாக்டர் பத்திரிகை பார்த்துச் சொன்னதிலிருந்து நல்லையாவின் கால் தரையில் படவில்லை. இங்கேயும் ஒரு ஸ்டெதஸ்கோப், ஒரு ரப்பர் முகமூடி, ஒரு கைத்துருத்தி இருக்கின்றன. ஒலியைக் கேட்டுக் காற்றடிக்க வேண்டியதுதானே?

ஸ்டெதஸ்கோப்பின் தலைக்கு இரண்டு பக்கம். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று திருகிப் பார்ப்பது கற்றுக்குட்டிகளின் வேலை. நல்லையா அப்படியே வைத்துக் கேட்டார்.

"துடிப்பே இல்ல."

"கண்ண முழிச்சுப் பாக்குறாரே ஐயா," என்றாள் ஆயா அஞ்சலை.

"துடிப்பு கேக்காத ஒலியா மாறிடுச்சு. உனக்குப் புரியாது."

முகமூடியைப் பொருத்தி அடிக்க ஆரம்பித்தார். பொன்னுதுரை அதைத் தள்ளிவிட்டு, "டிரஸரே, வீட்ல..." என்றார்.

"வீட்ட நெனைக்கிறாரு. கடைசி நேரத்துல எல்லாரும் இப்படித்தான்."

அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகமூடி திரும்பவும் ஏறியது. பொன்னுதுரை கையை உதறினார், காலை உதைத்தார்.

"வலிப்பு. கட்டுத்துணிய எடு."

பெஞ்சோடு சேர்த்துக் கட்டினார்கள். அவர் மூச்சை வெளியே விடும்போதெல்லாம் நல்லையா உள்ளே அடித்தார். அதுவரை நன்றாக இருந்த முகம் இப்போது நீலம் பாரித்தது. நல்லையாவுக்கு உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது. வேலை போனால் போகட்டும், இந்த மனுஷன் பிழைத்தால் போதும் என்று இன்னும் வேகமாக அடித்தார்.

அப்போதுதான் டாக்டர் உள்ளே வந்தார். துருத்தியைப் பிடுங்கி எறிந்தார். ஸ்டெதஸ்கோப்பின் தலையைத் திருகி, நெஞ்சில் வைத்துக் கேட்டார்.

"நல்லாத்தானே துடிக்குது."

"காப்பாத்திட்டேன் டாக்டர்," என்றார் நல்லையா. வேர்வையோடு ஆனந்தக் கண்ணீரும் சேர்ந்து வழிந்தது.

பொன்னுதுரைக்கு இருமல் நிற்கவில்லை. அவர் வாய் திறப்பதற்குள் வாசலில் மூன்று சக்கர மிதிரிக்‌ஷாவான பெச்சா ஒன்று வந்து நின்றது. அவர் மனைவி பாக்கியலட்சுமி இறங்கினாள். பெச்சாக்காரன் தோளைப் பிடித்துக்கொண்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் படியேறினாள். பெஞ்சில் கட்டுண்டு கிடந்த புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கு மூச்சு முட்டுது, டாக்டரக் கூட்டிக்கிட்டு வாங்கன்னு உங்கள அனுப்பினா, நீங்க இங்க வந்து படுத்துக்கிட்டீங்களா?"