டெய்லர் முதுகும் மச்சான் வீட்டு ஜன்னலும்

டெய்லருக்கு முதுகுல டிஸ்க் விலகிப்போச்சு. குனிஞ்சா வலி, நிமிர்ந்தா வலி, தும்மினா உயிரே போயிட்டு வருது. ஆனா மனுஷன் முகத்துல ஒரு சந்தோஷம். ஏன்னு கேளுங்க. பொண்டாட்டியோட அண்ணன் புது வீடு கட்டியிருக்கார். சுவரைவிட ஜன்னல்தான் ஜாஸ்தி. குளிக்கிற ரூமுக்கே மூணு. "இதுக்கு மேல வெச்சா கூரை நிக்காதுய்யா"ன்னு கொத்தனார் கும்பிட்டப்புறம்தான் நிறுத்தினார். அத்தனைக்கும் ஓசியில திரைச்சீலை தைக்கப் போறது யாரு? நம்ம டெய்லர்தான். ரெண்டு மாசத்துல குடி போறாங்க.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். "மாத்திரையும் பயிற்சியும் கேக்கல, கால் வேற மரத்துப்போகுது. ஆபரேஷன்தான். உங்க டிஸ்க்குக்கு ரெண்டு விதமாவும் பண்ணலாம். சின்னத் துளை போட்டு, குழாய் விட்டு, கேமராவுல பார்த்து எடுத்தா மறுநாளே வீட்டுக்குப் போகலாம். பழைய மாதிரி முதுகைத் திறந்து எடுத்தா சதை ஆற நாளாகும். வருஷம் போனா ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்."

"நாளாகும்னா?" டெய்லர் ஆசையாக் கேட்டார்.

"மெஷின்ல உட்கார மூணு மாசம் ஆகலாம்."

"திறந்துடுங்க."

வீட்டுக்கு வந்ததும் பொண்டாட்டி ஆரம்பிச்சா. "சின்னதா முடிஞ்சாப் போதும்னு எல்லாரும் தவிக்கிறாங்க. உங்களுக்கு என்ன?"

"தையலைப் பிரிக்காம உள் லைனிங்கைச் சரி பண்ண முடியுமாடி? முப்பது வருஷமாத் தைக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"சரிங்க, திறந்தே பண்ணிக்கோங்க. அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். மாப்பிள்ளை படுக்கட்டும், நானே தைச்சுக்கிறேன்னார். உங்க மெஷின்ல."

"தாராளமா."

"உங்க கத்திரியில."

அந்தக் கத்திரி துணியைத் தவிர எதையும் தொடக் கூடாது. கடையைப் பூட்டினா அவரோடவே வீட்டுக்கு வரும், அலமாரியில வெல்வெட் துணியில படுக்கும். கல்யாணமான புதுசுல அவ ஒரு தடவை அதால பால் பாக்கெட்டை வெட்டிட்டா. மனுஷன் ஒரு வாரம் கத்திரிகிட்ட மட்டும்தான் பேசினார்.

மறுநாள் கட்டில்ல கிடந்தவருக்கு அடுத்த ரூம்லேர்ந்து சத்தம். கரக். கரக்.

"யாரு அங்க?"

கதவுக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து அவதான் பதில் சொன்னா. "அண்ணன்தாங்க. ஜன்னல் அளவுக்குக் காகிதம் வெட்டறார்."

"காகிதமா? எதால?"

"இது என்ன கேள்வி?"

கரக்.

எழுந்து ஓட முதுகு விடல. போனைத்தான் எடுத்தார். "டாக்டர், துளை. துளையே போதும். நாளைக்கே போட்டுடுங்க."

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. மறுநாள் வீடு வந்தவர் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நேரா அலமாரிக்குப் போனார். கத்திரி வெல்வெட்டுல நிம்மதியாத் தூங்குது. சமையலறை ஷெல்ஃப் பூரா புதுசா வெட்டின செய்தித்தாள் விரிச்சிருக்கு. பக்கத்துல மீன் வெட்டற கத்திரி.

"உங்க அண்ணன் எங்கடி?"

"அவர் ஊர்லயே இல்லையே. அடுத்த வாரம்தான் வர்றார்."

"அப்போ தைக்கிறது?"

"கொஞ்ச வாரத்துல உட்கார்ந்து வேலை பாக்கலாம்னு டாக்டர் சொன்னார்ல. இப்ப என்ன அவசரம், படுங்க."

டெய்லர் படுத்தார். முதுகுக்கு என்னைக்கும் இல்லாத சுகம்.

"மெத்தை மாத்தினியா?"

"இல்லங்க. திரைச்சீலைத் துணி. வைக்க வேற இடமில்ல."