நூறு பேருக்கான புத்தகமும் நான்கு பேர் வீடும்

அன்பும் மரியாதையும் மிகுந்த சித்திக்கு,

உங்கள் அக்காவின் சின்ன மகள் எழுதும் கடிதம். இங்கே அம்மா, அக்கா, நான் மூவரும் முழு நலம். அப்பா, ஒரு கடைவாய்ப் பல் நீங்கலாக, நலம். அங்கே நீங்களும் உங்கள் தொழிற்சாலை கேன்டீனும் அதன் பெரிய அடுப்புகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

சித்தி, நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை நீங்கள் இங்கே வரும்போது அம்மா உங்களிடம் ஒரு காகிதப் பையை நீட்டுவாள். அதற்குள் நீங்கள் எனக்குக் கொடுத்த கேன்டீன் சமையல் புத்தகம் இருக்கும். "இந்தா, உன் சொத்தை நீயே வச்சுக்கோ" என்பாள். நீங்கள் அதை வாங்கக் கூடாது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, "குடுத்தது குடுத்ததுதான்க்கா, அவகிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட வேண்டும். இவ்வளவுதான் என் வேண்டுகோள். அம்மா நேற்று போனில் தன் பக்கத்து நியாயத்தை உங்களிடம் சொல்லியாயிற்று. "அது புத்தகம் இல்லடி, வெடிகுண்டு" என்று அவள் சொன்னது என் அறை வரைக்கும் கேட்டது. என் பக்கத்து நியாயத்தையும் நீங்கள் கேட்க வேண்டும் அல்லவா?

முதலில், அந்தப் புத்தகத்தை நான் எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன். கதைப் புத்தகங்களில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. "எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். என்ன சாப்பிட்டார்கள், அதை யார் நறுக்கினார்கள், வெங்காயம் எவ்வளவு நேரம் வதங்கியது என்று ஒருவரும் எழுதுவதில்லை. உங்கள் புத்தகத்தில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை! முன்னுரையிலிருந்து பின்னட்டை வரை இரண்டு முறை படித்தேன். பின்னால் இருக்கும் அகரவரிசைப் பட்டியலைக்கூட விடவில்லை. பக்க ஓரங்களில் நீங்கள் பென்சிலால் எழுதியிருப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. "மழை பெய்தால் பத்துத் தட்டு கூடுதலாக வை." "மேனேஜர் வந்தால் மிளகைக் குறை, போனபின் கூட்டு." முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில், "இன்று இரண்டு பேர் தட்டை வழித்தார்கள்." அதைப் படித்துவிட்டு நான் அக்காவிடம் ஓடிப்போய்ப் படித்துக் காட்டினேன். அவள், "தட்டை வழிச்சதுக்கெல்லாம் கண் கலங்குற ஒரே ஆள் நீதான்" என்றாள். கண் கலங்கவில்லை, சித்தி. கொஞ்சம் பளபளத்திருக்கலாம்.

எண்பத்தெட்டாம் பக்கத்தையும் பார்த்தேன். வெங்காய ரொட்டி. அதன் மேல் மூன்று கோடு போட்டு "இதை இனிச் செய்யவே கூடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை, தொடவும் மாட்டேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் என்பதற்கு அதுவே சாட்சி. அம்மாவிடம் பேசும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள்.

இப்போது பீன்ஸ். புத்தகத்தில் எல்லாமே நூறு பேருக்கு. நம் வீட்டில் நான்கு பேர். ஆகவே எல்லாவற்றையும் இருபத்தைந்தால் வகுக்க வேண்டும். இதில் தவறு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். காய்ந்த வெள்ளை பீன்ஸ் எட்டுக் கிலோ என்றிருந்தது, முந்நூற்றிருபது கிராம் எடுத்தேன். உப்பு இருநூற்றைம்பது கிராம், பத்துக் கிராம் எடுத்தேன். பன்னிரண்டு மணி நேரம் ஊற வேண்டும் என்றிருந்தது. இருபத்தெட்டு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி ஊறவைத்தேன், விநாடியில்கூட ஏமாற்றவில்லை. எழுபத்தைந்து நிமிடம் வேக வேண்டும் என்றிருந்தது, மூன்று நிமிடம் வேகவைத்தேன். "இரண்டு பேர் விடாமல் கிளறவும்" என்ற இடத்தில்தான் கொஞ்சம் திணறிப்போனேன். இரண்டு ஆளை இருபத்தைந்தால் வகுத்தால் ஒரு ஆளில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அது ஏறக்குறைய ஒரு கை என்று முடிவு செய்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் கிளறினேன்.

அம்மா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் என்பதால் எதையும் நிம்மதியாக வேடிக்கை பார்க்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் கத்தியை எடுத்தால் அவள் வலது கால் தரையை அழுத்தும். அடுப்பைப் பற்றவைத்தால் இரண்டு காலும் அழுத்தும். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துச் சமையலறை வாசலில் ஒரு தரைஓடு ஆடவே ஆரம்பித்துவிட்டது.

அப்பாதான் முதலில் சாப்பிட்டார். மருந்துக்கடையில் வேலை செய்பவர், எதையும் முகம் சுளிக்காமல் விழுங்கப் பழகியவர். ஒரு கரண்டி வாயில் போட்டார். 'டக்' என்று ஒரு சத்தம். கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்கும்மா. கொஞ்சம்... உறுதியா இருக்கு" என்றார். அக்கா தன் தட்டைச் சாய்த்துக் காட்டினாள். பீன்ஸ் கடகடவென்று உருண்டது. "இதை சாப்பிடணுமா, வச்சு விளையாடணுமா?" என்றாள். கீழ்வீட்டில் பல் டாக்டர் இருப்பது எவ்வளவு வசதி என்று அன்றுதான் புரிந்தது. அவர் அப்பாவின் வாயைத் திறந்து பார்த்து, "ஒரு மூலை போயிருக்கு சார். கல்லைக் கடிச்சீங்களா?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்துவிட்டு, "ஆமா டாக்டர், கல்லுதான்" என்றார். இப்படிப்பட்ட அப்பா எத்தனை பேருக்கு வாய்க்கும், சித்தி?

நேரத்தை வகுக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். அதனால் ஆப்பிள் கேக்கில் அந்தத் தவறே நடக்கவில்லை. பத்து முட்டையை இருபத்தைந்தால் வகுத்தால் ஒரு முட்டையில் ஐந்தில் இரண்டு பங்கு வரும். அப்பா, பாவம், பல் வலியோடு கடையிலிருந்து சின்ன எடைத் தராசைக் கொண்டுவந்தார். முட்டையை அடித்து, இருபது கிராம் நிறுத்து எடுத்தோம். மற்ற பொருள்களையும் அவரே நிறுத்து, மருந்துப் பொட்டலம் மாதிரி மடித்து, வரிசையாக வைத்துக் கொடுத்தார். அந்த வரிசையில், அவர் தனக்காக வாங்கி வந்திருந்த, சோடா கலந்த செரிமானப் பொடிப் பொட்டலமும் ஒன்று கலந்துவிட்டதற்கு நான் பொறுப்பில்லை. கேக் ஓவனுக்குள் போன ஐந்தாம் நிமிடமே நுரைத்துப் பொங்கித் தட்டை விட்டு இறங்கி வந்தது. அம்மா, "பிரேக்! பிரேக்!" என்று கத்தினாள். அவளிடம் கார் கற்றுக்கொள்கிறவர்கள் எப்படியோ, எனக்கு அந்தச் சத்தம் கேட்டால் கை கால் ஓடாது. அசையாமல் நின்றேன். ஓவன் மட்டும் நிற்கவில்லை. புத்தகத்தில் எழுபது நிமிடம் என்றிருந்ததால் எழுபது நிமிடமும் வைத்தேன். உங்கள் கேன்டீன் தட்டு ஒரு மேஜை அகலம், என்னுடையது ஒரு சாசர் அகலம் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. வெளியே எடுத்தபோது அது கறுப்பாக, புதினா வாசனையோடு இருந்தது. அக்கா ஒரு துணுக்கை உடைத்து வாயில் போட்டுவிட்டு, "பரவாயில்ல, அஜீரணமும் அதுக்கு மருந்தும் ஒண்ணாவே வந்துடுச்சு" என்றாள்.

அன்றுதான் அம்மா உங்களுக்குப் போன் செய்தது. போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "ஆசை இருந்தா மட்டும் போதாதும்மா. கைக்கு வரணும். புத்தகம் சித்திகிட்டயே போகட்டும்" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள்.

ஆனால் சித்தி, இன்று நடந்ததை அம்மா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். இன்று காலை கேரட் சூப் வைத்தேன். பொருளை வகுத்தேன், நேரத்தை வகுக்கவில்லை, பொட்டலங்களைத் திறந்து ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தேன். அப்பா நல்ல பல் இருக்கும் பக்கமாக ஒதுக்கிக் குடித்தார். அக்கா கிண்டல் செய்ய மறந்துபோனாள். அம்மா கிண்ணத்தைச் சாய்த்து ரொட்டித்துண்டால் துடைத்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பசி, அவ்வளவுதான்" என்றாள். நான் உடனே முப்பத்தொன்றாம் பக்கத்தில், உங்கள் வரிக்குக் கீழே, "இன்று ஒருவர் கிண்ணத்தைத் துடைத்தார்" என்று பென்சிலால் எழுதினேன். உங்களைக் கேட்காமல் எழுதியதற்கு மன்னிக்கவும். அந்த வரி அங்கேயே இருக்க வேண்டுமானால் புத்தகம் என்னிடம் இருக்க வேண்டும்.

ஆகவே மறந்துவிடாதீர்கள்: இரண்டு கைகளும் பின்னால். எண்பத்தெட்டாம் பக்கத்தை நான் தொடவே இல்லை என்பதையும் சொல்லுங்கள். உங்கள் கேன்டீனில் ஒரு நாளும் சூப் குறையாமல் இருக்கட்டும், வருகிறவர்கள் எல்லோரும் தட்டை வழிக்கட்டும்.

உங்கள் பேச்சைத் தட்டாத மகள்.

பின்குறிப்பு (திங்கட்கிழமை): தபால்தலை வாங்க மறந்ததால் கடிதம் நான்கு நாளாக மேஜையிலேயே கிடந்தது. அதற்குள் எண்பத்தெட்டாம் பக்கத்தைத் தொட்டுவிட்டேன். மேலே எழுதியது பொய் இல்லை, எழுதியபோது அது உண்மைதான். எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு என்று நானே திரும்பத் திரும்ப எழுதியதில் வேறு நினைப்பே ஓடவில்லை. நேற்றுக் காலை செய்தேன். இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "மேலே பொன்னிறம் வரும்வரை" என்று எழுதியிருந்ததால் ஓவன் முன்னால் உட்கார்ந்து பொன்னிறம் வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். வாசனை மாடிப்படி வழியாகக் கீழே இறங்கியது. பல் டாக்டர் மேலே வந்தார். அவர் பின்னாலேயே, கழுத்தில் கட்டிய துணியோடு அவருடைய நோயாளியும் வந்தார். "வாய் ஒரு பக்கம் மரத்துப்போச்சு, மறு பக்கம் சும்மாத்தான் இருக்கு" என்று கை நீட்டினார். அம்மாவுக்காகத் தெருவில் காரில் காத்திருந்த மாணவி எஞ்சினை அணைத்துவிட்டு வந்துவிட்டாள். ஒருவரும் திரும்பிப் போகவில்லை. நூறு பேரும் இப்படி நின்றுவிட்டால் தொழிற்சாலை எப்படி ஓடும்? மூன்று கோடு எதற்கென்று இப்போது புரிகிறது, சித்தி. அம்மா கண்ணை மூடிக்கொண்டு நான்கு துண்டு சாப்பிட்டாள். கால் தரையை அழுத்தவே இல்லை. பிறகு, "இதை என்னத்தால வகுத்தே?" என்று கேட்டாள். இருபத்தைந்தால் என்றேன். "அடுத்த தடவை பத்தால வகு" என்றாள்.

இவ்வளவும் நல்ல செய்திதான். ஆனால் இன்று காலை காகிதப் பை காலியாக இருந்தது. புத்தகம் அம்மாவின் காரில், முன் இருக்கைக்கு எதிரே உள்ள சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. மாணவி காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாளாம். மாணவியே வந்து சொன்னாள். நான் கேட்டதற்கு அம்மா, "படிச்சிட்டுத் தரேன்" என்கிறாள். "சித்தி கேட்டா தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடு" என்றும் சொல்லிவைத்திருக்கிறாள்.

ஆகவே சனிக்கிழமை நீங்கள் கைகளைப் பின்னால் கட்ட வேண்டாம். இரண்டையும் முன்னால் நீட்டி, "எங்கக்கா என் புத்தகம்?" என்று கொஞ்சம் கோபமாகவே கேளுங்கள். வாங்கியதும் உடனே வெளியே வந்துவிடுங்கள். நான் மாடிப்படியில் நிற்பேன்.