துண்டுக்கடியில் ஒரு கடவுச்சொல்

ரகசியக் காவலர் என்றொரு இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆவுடையார்கோவிலில் அதற்கு ரத்தினவேல் என்று பெயர். அவரும் மகள் வைஷ்ணவியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மடிக்கணினிக்குக் கடவுச்சொல் மாற்றியது.

இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது? பீரோ திறந்து கிடக்கும், வண்டிச் சாவி வண்டியிலேயே தொங்கும், வாசல் கதவுக்குத் தாழ்ப்பாளே இருக்காது. மடிக்கணினியைத் தொடும்போது மட்டும் சன்னலைச் சாத்தி, விசைப்பலகை மேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்ளும். ரத்தினவேல் மாட்டுத் தரகர். சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவருக்குத் துண்டை மிஞ்சிய பாதுகாப்பு ஏது? ஒரே குறை. துண்டு போட்டால் எழுத்து தெரியாது. ஆகவே ஒவ்வொன்றையும் சந்தைக் குரலில் சொல்லிச் சொல்லித் தடவுவார்.

அமாவாசைதோறும் கடைக்காரர்கள் பூசணிக்காய் உடைப்பார்கள். இவர் கடவுச்சொல் மாற்றுவார். மறந்துபோனால்? எதிர்வீட்டுப் பிச்சையம்மாள் இருக்கிறாள்.

"காளைக்கு அப்பறம் என்னம்மா?"

"நாலு ஏழுண்ணே. நாலு ஒம்பது போன மாசம்."

சென்னையில் கணினிப் பாதுகாப்பு வேலை பார்க்கும் மகளுக்கு இது பொறுக்குமா? பொங்கலுக்கு வந்தவள், கடவுச்சொல் இல்லாமல் யாரும் எதையும் படிக்க முடியாதபடி மடிக்கணினியைப் பூட்டினாள்.

"அப்பா, வாயத் தொறக்காம அடிங்க."

"வாயத் தொறக்காம எப்புடித்தா எழுத்து வரும்?"

வந்தது. மகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு ரகசியம் ரகசியமாகவே இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மாரடைப்பு. கடவுச்சொல்லும் அவரோடு போனது.

வைஷ்ணவியின் மறைந்த அம்மா காத்தாயியின் படங்கள் அத்தனையும் உள்ளே. காகிதப் படங்கள் கஜா புயலோடு போயின. வைஷ்ணவி தெரிந்த வழியெல்லாம் பார்த்தாள். நல்ல பூட்டு. அவள் போட்டது. கடைசியில், படித்த படிப்பையெல்லாம் மூட்டை கட்டிவைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

"அன்னைக்கு ஒண்ணுமே கேக்கலையேத்தா" என்றாள் பிச்சையம்மாள். "சத்தத்தக் காணமே, அண்ணனுக்கு ஒடம்பு சொகமில்லையோன்னுல்ல நெனச்சேன்."

சிரிக்கிறீர்களா? உங்கள் படங்களின் இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது? அதே போனிலா? எதற்கும் தோளைத் தொட்டுப் பாருங்கள், துண்டு கிடக்கப்போகிறது.

படங்களுக்கு ஒரு பிரதி எடுத்து வைக்க வைஷ்ணவி சொல்லித்தான் இருந்தாள். காலண்டரில் அவர் கையெழுத்து: 'வெள்ளி. அறந்தாங்கி. மூக்கணாங்கயிறு. பென்டிரைவ்.'

மூக்கணாங்கயிறு புதிதாக ஆணியில் தொங்குகிறது.