ஊசி டாக்டர் கேட்ட கேள்வி

வணக்கம் வைத்தால், "ஒண்ணுக்குப் போறப்ப கல்லு விழுதுங்களா?" என்று திருப்பிக் கேட்கிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரி மாடியில் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் ஊசி டாக்டர். கட்டியை ஊசியால் குத்தி உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்து, என்ன கட்டி என்று சொல்வது அவர் வேலை. ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பாவிடமே கல்லைப் பற்றிக் கேட்டதில், சம்பந்தி வீட்டார் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்களாம்.

நான் புதுச்சத்திரத்துக்காரி. ஐந்தாவதோடு சரி. ஆண்கள் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். போன வருஷம் முழங்காலுக்குக் கீழே எலும்பு வீங்கியது. படம் எடுத்தால் எலும்புக்குள் ஓட்டை. "புற்று மாதிரி தெரியுது. காலை எடுக்க வேண்டி வரலாம்" என்றார் எலும்பு டாக்டர். காலை மட்டும் கொடுக்கமாட்டேன் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை. எதற்கும் ஊசி குத்திப் பார்க்கலாம் என்று மாடிக்கு அனுப்பினார்கள்.

நுழைந்ததுமே, "கல்லு விழுதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க சார்" என்றான் என் மகன்.

குத்தினார், உறிஞ்சினார். கண்ணாடியை விசிறி மாதிரி ஆட்டிக் காயவைத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டினார்.

"செல்லு ஒவ்வொண்ணும் பூசணிக்காயாட்டம் இருக்குது, உள்ளார நெறைய விதை. எலும்புலயே வந்த கட்டியாவும் இருக்கலாம். கழுத்துல ஒரு சுரப்பி கெட்டு, எலும்புல இருக்கிற சுண்ணாம்பை உருவுறதாவும் இருக்கலாம். அப்படின்னா, உருவுன சுண்ணாம்பு ஒண்ணுக்குல கல்லா எறங்கும். ஏனுங்கம்மா, நெசமாவே கல்லு இல்லீங்களா?"

"அதான் சொன்னனே சார்..."

"உங்க கல்லையா கேட்டேன்? அம்மா சொல்லட்டும். அதுவரைக்கும் நான் ஊட்டுக்குப் போறதில்லை." நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டு, சட்டமாக உட்கார்ந்துவிட்டார். காத்திருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

கால் மணி நேரம் ஆயிற்று. மனிதர் அசையவில்லை. என் காலைக் குனிந்து பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு விரலை நீட்டினேன்.

"ரெண்டு கல்லா!"

"ரெண்டு வருசமாங்க சாமி."

மகன் கத்தினான். "ஏம்மா சொல்லல?"

"போர் தண்ணி குடிக்கிற ஊர்ல கல்லு இல்லாதவங்க ஆரு கண்ணு? வாழத்தண்டுச் சாறு குடிச்சுட்டுக் கம்முனு இருந்தேன்."

ஊசி டாக்டர் எலும்பு டாக்டரிடம் ஓடினார். "ரத்தத்துல சுண்ணாம்பு எவ்வளவுன்னு பாக்காம இந்தக் காலைத் தொடாதீங்க!"

பார்த்தார்கள். சுண்ணாம்பு ஏறிக் கிடந்தது. கழுத்திலிருந்து புளியங்கொட்டை அளவில் ஒரு சுரப்பியை எடுத்தார்கள். காலில் கத்தி படவே இல்லை. எலும்பு ஓட்டை மெல்ல மெல்லத் தூர்ந்து வருகிறது.

போன வாரம் அந்த மாடிக்கு நடந்தே ஏறினேன். அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் என்னைக் கண்டதும், "கல்லு?" என்றார்.

"இல்லீங்க சாமி!" என்றேன்.

என் வீட்டுக்காரரிடம்கூட நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.